மாசானமுத்துவின் கேபிள்

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஆஸ்பத்திரிக்கு விடுமுறை, ஆகையால் என் மனைவி உலகம்மாளுக்கு இன்று கரண்டு வைக்கவில்லை. மார்பில் கட்டி எடுத்த இடத்தில் இருபத்தைந்து நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். நேற்றோடு பதினொன்று முடிந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு நம் காரில்தான் போய் வருகிறோம். இதற்காகவே பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு எடுத்திருக்கிறேன். "இடையில விட்டுராதீங்க சார், விட்டா இதுவரைக்கும் வச்சதோட பலனும் குறையும்" என்று டாக்டரம்மா முதல் நாளே எச்சரித்துவிட்டார். அந்தப் பேச்சு என் காதிலேயே இருக்கிறது.

காருக்கு நானே பூஜை செய்தேன். உலகுவுக்கு நிற்கத் தெம்பில்லை, வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பானெட்டைத் திறந்து எஞ்சின், ரேடியேட்டர், பேட்டரி என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். கார் ரேடியோவில் சாமி பாட்டு மத்தியானம் வரை ஓடியது. வீடு மங்களகரமாக இருந்தது.

அதையும் ஒருவன் கெடுத்தான். எதிர்வீட்டு மாசானமுத்து, டாக்ஸி ஓட்டுகிறவன், தன் வண்டியை நம் வாசல் பூவரசு நிழலில் நிறுத்தியிருந்தான். பூசணிக்காய் உடைக்க இடமில்லை. "இது என்ன உங்கப்பன் வீட்டு ஷெட்டா?" என்று சத்தம் போட்டேன். பேசாமல் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திருப்பி நாலு வார்த்தை பேசுகிறவனை நம்பலாம். பேசாமல் போகிறவன் மனதில் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

அக்டோபர் 14, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பின்னால் உதவும்.

காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரி இறங்கிவிட்டது. நான் கூப்பிடவே இல்லை, மாசானமுத்து தானாக வந்தான். "சார், நம்ம வண்டியில இருந்து கரண்ட் குடுத்து ஸ்டார்ட் பண்ணிருவோம்" என்றான். டாக்ஸியை நம் காருக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, டிக்கியிலிருந்து கேபிளை எடுத்தான். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. கேபிள் அவனுடையது என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

"நானே ரெண்டு பக்கமும் மாட்டுதேன் சார்" என்றான். "முப்பத்து மூணு வருஷமா எலெக்ட்ரிசிட்டி பாடம் நடத்துறவன் நான். நீ உன் வண்டிப் பக்கத்தைப் பாரு" என்றேன். அவன் பக்கம் அவன் மாட்டினான், நம் பக்கம் நான் மாட்டினேன். அவன் ஏறிப்போய் சீட்டில் உட்கார்ந்தான். உலகு படியில் நின்று என்னவோ கேட்டாள். "நீ பேசாம உக்காரு" என்று அடக்கிவிட்டு, கடைசிக் கிளிப்பையும் வைத்தேன்.

படீர் என்று ஒரு பொறி. புகை. கருகின நாற்றம். நான் பாய்ந்து நாலு கிளிப்புகளையும் பிடுங்கி எறிந்தேன். இல்லையென்றால் இரண்டு வண்டியும் தீப்பிடித்திருக்கும். அவன் இறங்கி வந்து வெளிறிப்போய் நின்றான். "எப்படி சார்? எப்படி சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நடிப்பு என்றுதான் எனக்குப் பட்டது.

பஸ்ஸில் போனோம். உலகு இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஒரு மணிக்குத்தான் கரண்டு வைத்தார்கள். பன்னிரண்டாவது.

வீடு வந்ததும் நிதானமாக யோசித்தேன். பிளஸ்ஸும் மைனஸும் மாறினால்தான் இப்படிப் பொறி பறக்கும். ஒரு பக்கம் மாட்டியவன் நான். மறுபக்கம் மாட்டியவன் அவன். விடை சுலபம்.

அக்டோபர் 15, செவ்வாய்

வழக்கமாக வரும் மெக்கானிக் வந்து பார்த்து, மெயின் பியூஸ் போய்விட்டது என்று வேறு போட்டான். கார் கிளம்பிவிட்டது. ஆனால் டாஷ்போர்டில் சிவப்பாகப் பேட்டரி விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. இன்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடுகிறது. "ஓட ஓடச் சரியாயிரும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எந்த இயந்திரம் ஓட ஓடச் சரியாகியிருக்கிறது?

போய் வந்தோம். பதிமூன்றாவது. உலகு பாதிக் கஞ்சியோடு எழுந்துவிட்டாள்.

மாசானத்தின் டாக்ஸி நேற்றிலிருந்து நகரவில்லை. வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறான். என் முகத்தில் விழிக்க வெட்கம் போலும்.

அக்டோபர் 16, புதன்

பேட்டரி மறுபடி செத்துவிட்டது! நேற்று ராத்திரி நிறுத்தும்போது நன்றாக இருந்த வண்டி விடிவதற்குள் எப்படிச் சாகும்? யாராவது கை வைத்தால்தான் முடியும்.

மணி ஏழரை ஆகிவிட்டது. பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்றால் உலகு எழுந்து நின்று, உடனே கட்டிலைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். மாசானமுத்து வாசலுக்கு வந்து, "மச்சான் காரை வாங்கிட்டு வருதேன் சார். அக்காவைக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்றான். "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். காரைக் கெடுத்தவன் கையில் பெண்டாட்டியையும் ஒப்படைப்பேனா? டாக்ஸி ஸ்டாண்டில் வேறு ஆளைக் கேட்கலாம்தான், ஆனால் அங்கே உள்ளவர்கள் எல்லாம் அவன் கூட்டாளிகள்.

இன்று கரண்டு வைக்கவில்லை. உலகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மெக்கானிக் சார்ஜரைக் கொண்டுவந்து பேட்டரியைக் கழற்றாமலே சாயங்காலம் வரை சார்ஜ் ஏற்றினான். அவன் போனதும் ஒரு காரியம் செய்தேன். பானெட் விளிம்பு முழுக்க சாக்பீஸ் பொடியைத் தூவி வைத்திருக்கிறேன். எவன் திறந்தாலும் தடம் தெரிந்துவிடும். வாத்தியாரிடம் யாரும் வாலாட்ட முடியாது.

அக்டோபர் 17, வியாழன்

சாக்பீஸ் பொடி கலையவே இல்லை. பேட்டரி பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

அப்படியானால் அடியில் படுத்துக் கை விட்டிருக்கிறான்.

பால்காரரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தள்ளி, கார் முக்கி முனகிக் கிளம்பியது. கயத்தாறு தாண்டுவதற்குள் விளக்கு, ஹாரன் என்று ஒவ்வொன்றாக ஓய்ந்து, கார் நடு ரோட்டில் நின்றுவிட்டது. வெயிலில் ஒரு மணி நேரம். உலகு என் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. இன்றும் கரண்டு இல்லை. போனில் டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். "ரெண்டு நாள் தொடர்ந்து விட்டுட்டீங்க. இன்னொரு நாள் விட்டா நான் பொறுப்பில்ல. உங்களுக்குக் காரு முக்கியமா, அவங்க முக்கியமா?" எனக்குப் பயம்தான், ஒளிக்க என்ன இருக்கிறது?

காரைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய், வயரிங் வேலை செய்கிற செய்யது பாய் கடையில் விட்டேன். டெஸ்ட் லாம்ப்பை இங்கும் அங்கும் வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது. ஆல்டர்னேட்டரில் டையோடு எரிந்துவிட்டது. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டியது அதுதான். ஏற்றாததோடு, வண்டி நிற்கும்போது பேட்டரியைக் குடிக்கவும் செய்கிறது. "யாரோ ஜம்ப் குடுக்கையில மாத்திக் குடுத்திருக்காங்க சார். மாசானம் டாக்ஸியும் இதே கேசுதான், அந்தா நிக்குது பாருங்க" என்றார்.

போதாதா? தன் வண்டியும் கெடும் என்று தெரியாமல் செய்த முட்டாள்தனம். அல்லது சந்தேகம் வராதிருக்கத் தன் வண்டியையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் தெருவில் வைத்து அவனைக் கேட்டேவிட்டேன். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "பூசணிக்காய் உடைக்க இடம் கேட்டதுக்கு இப்படிப் பழி வாங்குவியாடா? கேபிளை மாத்திக் குடுத்தியே, ரெண்டு நாள் அவளுக்குக் கரண்டு வைக்கல. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் கொன்னதா அர்த்தம்!" அவன் பெண்சாதி ஜெயக்கொடி, "அய்யோ, என்ன சார் சொல்லுதீக!" என்று அலறினாள். அவன் தலையைக் குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றான். குற்றமுள்ள நெஞ்சு.

அக்டோபர் 18, வெள்ளி

காலை ஐந்தேமுக்காலுக்கு வாசலில் ஹாரன். மாசானமுத்து, மச்சானின் வெள்ளைக் காரோடு நிற்கிறான். கண் சிவந்திருந்தது. "சார், கரண்டு முடியிற வரைக்கும் நானே கூட்டிட்டுப் போயிட்டு வருதேன். மாட்டேன்னு சொல்லிராதீக. உங்க கால்ல வேணாலும் விழுதேன்" என்றான்.

இதைவிட வாக்குமூலம் வேண்டுமா? தப்பு செய்யாதவன் எதற்குக் காலில் விழுகிறேன் என்கிறான்? டாக்டரம்மா போட்ட போடில் வேறு வழியில்லாமல் ஏறினேன். ஆனால் முன் சீட்டில்தான் உட்கார்ந்தேன், அவன் கையிலிருந்து கண் எடுக்காமல்.

பதினான்காவது.

அக்டோபர் 21, திங்கள்

பதினைந்தாவது. ஒழுங்காகத்தான் ஓட்டுகிறான். ரோட்டில் குழி வந்தால் நடந்து போகிற வேகத்துக்குக் குறைத்துவிடுகிறான். பின் சீட்டில் தலையணை, எலுமிச்சம்பழம், வாந்தி வந்தால் பிடிக்க ஒரு வாளி எல்லாம் வைத்திருக்கிறான். "மாசானம் தம்பி, உங்களுக்கு வேற வேலை இல்லையாப்பா?" என்று உலகு கேட்டதற்கு, "இதான் வேலை அக்கா" என்றான்.

திரும்பும்போது இளநீர் வாங்கிக்கொண்டு வந்தான். உலகு கை நீட்டியதும் நான் முந்தி வாங்கி இரண்டு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். இளநீர் நன்றாக இருந்தது. உலகு என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

பதினாறாவது.

சாயங்காலம் தனியாகச் செய்யது பாய் கடைக்குப் போனேன். ஆல்டர்னேட்டர் தயார். பழைய பேட்டரியைக் கழற்றி ஸ்டூலின்மேல் வைத்திருந்தார். "சார், இந்தப் பொட்டு யார் வச்சது?" என்று கேட்டார்.

பேட்டரியின் இரண்டு முனைகளில் ஒன்று வெளிப்பக்கம் இருந்தது, கைக்கு எட்டுகிற பக்கம். அதன் தலை முழுக்கச் சந்தனம், அதன்மேல் தாராளமாகக் குங்குமம். உள்பக்க முனையில் ஒன்றுமில்லை. அதன் சிவப்பு மூடி தொலைந்துபோய் ரொம்ப நாளாகிறது. பாய் குங்குமத்தைத் துணியால் துடைத்தார். அடியில் மைனஸ் குறி. கிளிப் கடித்த இடத்தில் ஈயம் உருகிப் பள்ளம் விழுந்திருந்தது.

"சிவப்புக் கிளிப்பைச் சிவப்புல மாட்டிட்டாங்க சார். பூஜை முடிஞ்சா எனக்கு வருஷாவருஷம் இப்படி ஒரு வண்டியாவது வரும்" என்று சிரித்தார். "மாசானம் பேட்டரியையும் பாத்துட்டேன். அவன் பக்கம் சரியாத்தான் மாட்டியிருக்கான்."

அந்த அவசரத்தில் யாராக இருந்தாலும் ஏமாந்துதான் போவார்கள். சந்தனம் காய்ந்து குறியை மறைத்துவிட்டது. கேபிளில் நிறம் மட்டும்தானே இருக்கிறது? அவனாவது சொல்லியிருக்கலாம்.

பாயிடம், மாசானத்திடம் இதைப்பற்றி இப்போது பேச வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து உலகுவிடம், "அன்னிக்குப் படியில நின்னு என்ன கேட்ட?" என்றேன். "அது நீங்க வச்ச பொட்டுல்லா, பாத்து மாட்டுங்கன்னேன்" என்றாள். பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப நீங்கதானா?" என்றாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 23, புதன்

பதினேழாவது. மழை.

அக்டோபர் 24, வியாழன்

பதினெட்டாவது. போகும்போது மாசானம், "அக்கா, ரிப்போர்ட்ல ஏதும் கொறையா வந்திருக்கா?" என்று கேட்டான். தினமும் கேட்கிறான். "இல்ல தம்பி" என்று உலகு சொன்னதும் ஒரு பெருமூச்சு விட்டான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். காற்றாலைகளை எண்ணினேன்.

ராத்திரி உலகு ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லவா?"

"இன்னும் ஏழு நாள் இருக்கு உலகு. விஷயம் தெரிஞ்சு, கோபத்துல அவன் வராம போயிட்டா? இருபத்தஞ்சும் முடியட்டும், நானே சொல்லுதேன். உனக்காகத்தான் பாக்கேன்."

"என்னையச் சாக்கு வைக்காதீங்க" என்றாள். "அந்த மனுஷன் என்னையக் கொல்லப் பாத்தோமேன்னு நெனச்சு வண்டி ஓட்டுதான். அந்த வண்டியில உக்காந்து போயி எனக்குக் கரண்டு வைக்கவே வேண்டாம்."

முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு தேடியும் அந்தக் கோபத்தை வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கயத்தாறு தாண்டியதும் சொன்னேன். "மாசானம், அன்னிக்குக் கேபிளை மாத்தி மாட்டினது நீயில்ல. நான்தான். மைனஸ்ல குங்குமம் வச்சிருந்தேன், அதைப் பிளஸ்ஸுன்னு நெனச்சுட்டேன்."

அவன் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினான். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான். அடிப்பானோ என்றுகூட நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்றான்.

சொன்னேன்.

"அப்ப நான் அக்காவுக்கு ஒரு கெடுதலும் செய்யல?"

"இல்லப்பா. நீ ஒண்ணுமே செய்யல."

ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். இவ்வளவு பெரிய ஆம்பிளை சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. "பதினோரு நாளா எந்த முனையில மாட்டினேன், எந்த முனையில மாட்டினேன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன் சார். சரியாத்தான் மாட்டினேன்னு தோணும். அடுத்த நிமிஷமே, சார் படிச்சவுக, அவுக தப்பாச் சொல்லுவாகளான்னு தோணும். ஜெயக்கொடி கையால சோறு வாங்கித் திங்கப் பிடிக்கல. கொலகாரன் கையின்னுதான் இந்தக் கையப் பாக்கேன்." உலகு பின்னாலிருந்து அவன் தோளில் கையை வைத்தாள். அவளும் அழுதாள். மன்னித்துக்கொள் என்று சொன்னேன், அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை.

அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்தான். நல்லவேளை, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது கேட்டான், "உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். உலகு பின்னால் இருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்..." என்றான். "புதன் வந்தீக. நேத்து வந்தீக. அக்கா ரிப்போர்ட் எப்படின்னு கேட்டேன். பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டே வந்தீக." வண்டியை எடுத்தான். அதே நிதானம், குழிக்கு அதே மெது.

பத்தொன்பதாவது முடிந்து வீடு வந்தோம். உலகுவைக் கை பிடித்து இறக்கிவிட்டான். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து என்னிடம் சொன்னான். "திங்கக்கிழமை ஆறு மணிக்கு வருவேன் சார். அக்காவுக்கு. நீங்க வர வேண்டாம்."

அக்டோபர் 26, சனி

செய்யது பாய் காரைக் கொண்டுவந்து விட்டார். புது பேட்டரி, புது ஆல்டர்னேட்டர். டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. வைப்பர் சொன்னபடி கேட்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

தெருவில் பத்துப் பேர் முன்னால் சொன்ன பழியைப் பத்துப் பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்று உலகு சொன்னாள். டீக்கடை வாசலில் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். பால்காரர் "சரி விடுங்க சார்" என்றார். மற்றவர்கள் தங்கள் டீயின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் சொன்னதை ஜெயக்கொடி தன் வாசலில் நின்று கேட்டாள், கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராத்திரி உலகுவிடம், "நம்ம காரு இப்ப நல்லா இருக்கு. நாளைக்கு நானே ஓட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"வேண்டாம்" என்றாள். "மாசானம் வந்துரும்."

அக்டோபர் 28, திங்கள்

ஆறு மணிக்கு வந்தான். முன் சீட்டில் நான் உட்காருகிற இடத்தில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். உலகு பின்னால் ஏறித் தலையணையைச் சரிசெய்துகொண்டாள். நான் பிளாஸ்கை நீட்டினேன். உலகு கண்ணாடியை இறக்கி வாங்கிக்கொண்டாள். "அடுப்புல பால் வச்சிருக்கேன், பாத்துக்கோங்க" என்றாள். மாசானம் என் பக்கம் திரும்பவில்லை. ஜெயக்கொடி என்னவோ சொல்ல, உலகு சிரித்தது கேட்டது. கரண்டு வைக்க ஆரம்பித்ததிலிருந்து அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

பாலை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்து நம் காரில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டுத் திருப்பினேன். ஒரே திருப்பில் கிளம்பியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டு உள்ளே வந்தேன்.